எதற்காகப் பாடினார் வள்ளலார்?

தைப்பூசம் என்றாலே நமக்குப் பத்துமலையும் பினாங்கு தண்ணீர்மலையும் சிங்கப்பூர் தேங்க் ரோடு கோயிலும்தான் நினைவுக்கு வரும். அதே நாளில் தமிழ்நாட்டின் வடலூரில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள். அந்த வழிபாட்டை ஏற்படுத்திய இராமலிங்க அடிகளாரும் முருகனிடமிருந்துதான் தொடங்கினார்.

1823 அக்டோபர் 5ஆம் தேதி சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, சென்னையில் அண்ணன் சபாபதி வளர்த்தார். பாடம் படிக்க அனுப்பினால் பையன் கந்தகோட்டத்தில் பாடிக்கொண்டு நிற்பான். கோபம் கொண்ட அண்ணன், அவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணவருக்குத் தெரியாமல் அண்ணி சோறு போட்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பின்னாளில் அவர் செய்த காரியத்தை நினைக்கும்போது இதைச் சின்ன விஷயமாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

அண்ணன் புராணச் சொற்பொழிவாளர். அவருக்கு உடல்நலம் கெட்ட ஒரு நாளில் தம்பி போய்ப் பெரியபுராணம் சொல்ல, கேட்டவர்கள் அசந்து போனார்கள்; தொடர்ந்து வரவேண்டும் என்றார்கள். பேரும் பணமும் தேடி வந்த வழி அது. அதை அவர் பிழைப்பாக்கிக்கொள்ளவில்லை. 1858இல் சென்னையையே விட்டுப் புறப்பட்டு, பிறகு வடலூருக்குப் பக்கத்திலுள்ள கருங்குழியில் தங்கினார்.

பாடல்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தன. அவற்றை அச்சிட அவருக்கு விருப்பமில்லை. இறைவனிடம் முறையிட்டது ஊருக்குக் காட்டவா? அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளை சாப்பாடுதான் என்று பிடிவாதமாக இருந்த பிறகே இணங்கினார். தம் பெயரோடு சாமி என்று சேர்த்து அச்சிடுவதும் ஆரவாரமாகத் தோன்றுகிறது, வேண்டாம் என்று அவருக்கே கடிதம் எழுதினார். 1867இல் திருவருட்பா வெளிவந்தது.

அதே ஆண்டு மே 23ஆம் தேதி வடலூரில் இன்னொன்றும் நடந்தது. இதற்கு யாரும் அவரை வற்புறுத்தவில்லை. முந்திய ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் பஞ்சம். பார்வதிபுரத்து மக்களிடம் ஏறக்குறைய 80 காணி நிலம் பெற்று, சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் சோறு. பசித்த உயிருக்கு இரங்குவதுதான் கடவுள் வழிபாடு, அருளை அடைய அதுவே வழி என்பது அவர் கொள்கை. அத்தனை ஆண்டுகள் பாடி அழுது தேடியது எதற்காக என்பதற்கு அவர் கண்ட விடை அந்த அடுப்பில் இருந்தது.

1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது. நோக்கத்தை விட்டு வெறும் சடங்காகிவிடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அடுத்த ஆண்டே வழிபாடு தாம் எண்ணியபடி நடக்காததால் சபையைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்பர். தாமே கட்டிய சபையைத் தாமே பூட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்?

1874 ஜனவரி 30, மீண்டும் ஒரு தைப்பூச நாள். மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. சபையைப் பூட்டியவர் தருமசாலையைப் பூட்டச் சொல்லவில்லை. 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவர்களுக்கு அங்கே இன்றும் சோறு போடுகிறார்கள்.