இசைத்தட்டும் இசைஞரும்: ஃபுர்ட்வெங்லரின் வாழ்வு

நிகழும் பொழுதிலேயே மறைந்துவிடுவது இசை. அதனை இசைத்தட்டு நிலைபெறச் செய்தபோது, திறனாய்வாளர்க்கு மீண்டும் மீண்டும் கேட்டு ஒப்பிடத்தக்க ஒரு பாடம் கிடைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தை விரும்பாத ஒருவரே, தம் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இன்றளவும் போற்றப்பட்டும் மறுக்கப்பட்டும் வருகின்றார். அவர் ஜெர்மானிய இசை நடத்துநர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர்.

1886 ஜனவரி 25ஆம் நாள் பெர்லினில் பிறந்த இவர், மியூனிக் நகரில் வளர்ந்தார். தந்தை அடால்ஃப், கிரேக்கக் கலையை ஆராய்ந்த தொல்லியல் அறிஞர். மைந்தர் இல்லத்திலேயே ஆசிரியர்களிடம் கல்வி கற்றார். இசையமைப்பாளராக விளங்குவதே அவர்தம் முதல் விருப்பம். எனினும் 1906இல் புருக்னரின் ஒன்பதாம் சிம்பொனியை மேடையில் நடத்திய இளைஞர், நடத்துநராகவே உயர்ந்தார். 1922இல் ஆர்த்தூர் நிகிஷ் மறைந்தபின், பெர்லின் பில்ஹார்மோனிக், லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் ஆகிய இரு பெரும் இசைக்குழுக்களும் இவர் பொறுப்பில் வந்தன.

1926இல் முதன்முறையாக இசைத்தட்டுக்கு நடத்தினார். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமே கொள்ளும். சிம்பொனியின் ஒரு பகுதியைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தி வாசித்தல் வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சாக இசையை எண்ணியவர்க்கு இம்முறை ஒவ்வாததாயிற்று.

ரொமாண்டிக் எனப்படும் புனைவியல் காலச் சிம்பொனிகளை எவ்வாறு நடத்துவது என்னும் வினாவில், இவரும் இத்தாலியரான ஆர்துரோ டோஸ்கானினியும் இரு துருவங்களாகக் கருதப்பட்டனர். எழுதப்பட்ட இசைக்குறிப்புக்குக் கட்டுப்பட்டு, இறுக்கமான நடையில் செலுத்துவது டோஸ்கானினியின் நெறி. குறிப்பினை வித்தாகக் கொண்டு, இடத்திற்கேற்ப நடையை விரைவித்தும் தளர்த்தியும் வளரச் செய்வது ஃபுர்ட்வெங்லரின் நெறி. புருக்னரின் சிம்பொனிகளில் உச்சத்தை நெருங்குந்தோறும் இவர் விரைவதை, கட்டடம் போன்ற அதன் நிதானத்தைக் குலைப்பதாகச் சிலர் மறுத்தனர். அவ்விரைவே இசையின் உள்ளுயிரைப் புலப்படுத்துவதாகப் பிறர் போற்றினர். 1953இல் பதிவான ஷூமனின் நான்காம் சிம்பொனியோ, ஒலிப்பதிவுக் கூடத்திலும் இவர் முழுமை எய்தக்கூடும் என்பதற்குச் சான்றாகப் பரவலாகப் பாராட்டப்படுகின்றது.

கருத்து வேறுபாடு கலையளவில் நிற்கவில்லை. 1933இல் நாஜிகள் ஆட்சியேற்றபின் இவர் ஜெர்மனியிலேயே தங்கினார். 1934இல் இசையமைப்பாளர் ஹிண்டெமித்துக்காக வெளிப்படையாக வாதிட்டுப் பதவிகளைத் துறந்தார். அடுத்த ஆண்டே மேடைக்குத் திரும்பினார். யூத இசைஞர் சிலர்க்கு உதவினார். எனினும் 1942 ஏப்ரலில் ஹிட்லரின் பிறந்தநாளையொட்டிய விழாவிலும் நடத்தினார். அவர் புகழை ஆட்சி பயன்படுத்திக்கொண்டது.

இக்காலத்தில்தான் வானொலியார் காந்த நாடாவில் நிகழ்ச்சிகளை இடையறவின்றிப் பதிவு செய்தனர். தட்டு தர மறுத்த தொடர்ச்சியை நாடா தந்தது. 1942 மார்ச்சில் நிகழ்ந்த பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி, 1944 அக்டோபரில் நிகழ்ந்த புருக்னரின் ஒன்பதாம் சிம்பொனி, 1945 ஜனவரியில் நிகழ்ந்த பிராம்ஸின் முதலாம் சிம்பொனியில் எஞ்சிய இறுதிப் பகுதி ஆகியன இவ்வாறு கிடைத்தவை. போருக்குப்பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாடாக்கள், அங்கு இசைத்தட்டுகளாக வெளிவந்தன; அவற்றின் படிகள் 1987இல் பெர்லின் திரும்பின. அப்பதிவுகளின் கொந்தளிப்பில் கொடுங்கோன்மைக்கு எதிரான குமுறலைக் கேட்போர் உளர். அவ்வாறு கேட்பது நம் விருப்பமேயன்றி ஒலி தரும் சாட்சியன்று என்று மறுப்போரும் உளர். இவ்விரண்டாம் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. முன்வரிசையில் யார் அமர்ந்திருந்தனர் என்பதை ஒலி சொல்வதில்லை.

1946 டிசம்பரில் விசாரணைக்கு உட்பட்டு, 1947இல் விடுவிக்கப்பட்ட இவர் மீண்டும் பெர்லினில் நடத்தினார். 1949இல் சிகாகோ இசைக்குழுவின் அழைப்போ, இசைஞர் பலரின் எதிர்ப்பால் கைகூடவில்லை.

1951 ஜூலை 29ஆம் நாள் பைராய்ட் விழா மீண்டும் தொடங்கியபோது நடத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி, இவர் மறைவுக்குப்பின் இசைத்தட்டாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. பவேரிய வானொலிக் காப்பகத்தில் கிடைத்த மற்றொரு நாடா 2008இல் வெளியானபோது, இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிந்தது. ஒத்திகைப் பகுதிகள் எதில் கலந்தன, அன்றைய மாலையின் உண்மை நிகழ்ச்சி எது என்று ஆய்வாளர் வாதிட்டனர். ஒரே நூலின் இரு சுவடிகளை வைத்துப் பாடவேறுபாடு காணும் பணிக்கு இது ஒப்பாகும். நிகழ்ச்சியை மாற்றமின்றிக் காக்கும் என நம்பப்பட்ட இசைத்தட்டுக்கும் பதிப்பாசிரியர் உண்டு என்பதை இவ்வாதம் உணர்த்திற்று.

செவித்திறன் குன்றிய நிலையில், 1954 நவம்பர் 30ஆம் நாள் பாடன்-பாடன் அருகே ஃபுர்ட்வெங்லர் மறைந்தார். ஹைடல்பெர்க்கில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய பதிவுகளைப் பற்றிய கருத்துகள் இன்றும் ஒன்றுபடவில்லை, ஒன்றுபடவும் தேவையில்லை. எழுதியது பெரிதா, நிகழ்ந்தது பெரிதா, கலையை அதன் காலத்தினின்று பிரித்துக் கேட்கலாகுமா என்னும் வினாக்களை ஒவ்வொரு தலைமுறையும் தானே கேட்டு விடை காணவேண்டும். அவ்வினாக்களை அடங்கவிடாமல் வைத்திருப்பதே அவ்விசைத்தட்டுகளின் பயன்.