லண்டனில் ஒலித்த இந்தியக் குரல்: பெங்களூரு தோட்டத்தில் வாழ்ந்து மறைந்த தேவிகா ராணி

பெங்களூரு: தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்த சொக்கநாதசுவாமி கோயில் அமைந்துள்ள தொம்மலூரிலிருந்து நகரின் மறுமுனைக்குச் சென்றால், கனகபுரா சாலையில் தாதகுணி தோட்டம் வருகிறது. 450 ஏக்கருக்கும் அதிகமான பரப்புடைய அத்தோட்டத்தின் உரிமையாளராகவே தேவிகா ராணியை அக்கம்பக்கத்தினர் அறிந்திருந்தனர். லண்டன் ரசிகர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் பாடி நடித்த இந்திய நாயகி.

1908 மார்ச் 30 அன்று வால்டேரில் பிறந்தவர் தேவிகா ராணி. தந்தை எம்.என்.சௌத்ரி, சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மகள் நாடகமும் இசையும் பயின்றார். துணி வடிவமைப்பும் கற்றார். தயாரிப்பாளர் ஹிமான்ஷு ராயை 1928-இல் சந்தித்து, மறு ஆண்டே மணந்தார்.

இருவரும் இணைந்து நடித்த 'கர்மா' 1933 மே மாதம் லண்டனில் வெளியானது. வெளிப்புறக் காட்சிகள் இந்தியாவிலும் உட்புறக் காட்சிகள் லண்டன் ஸ்டோல் படப்பிடிப்புத் தளத்திலும் உருவான இந்தோ-பிரிட்டிஷ் படம் அது. இசை எர்னஸ்ட் பிராட்ஹர்ஸ்ட். தேவிகா ராணி ஆங்கிலப் பாடலைத் தம் குரலிலேயே பாடினார். அவரது ஆங்கில உச்சரிப்பை லண்டன் பத்திரிகைகள் வியந்து போற்றின. ஆனால், இந்தி வடிவம் இந்தியாவில் எடுபடவில்லை. பாம்பு தீண்டி மயங்கிக் கிடக்கும் இளவரசனை நாயகி முத்தமிடும் காட்சி மட்டுமே இங்கு நினைவில் நின்றது. அக்காட்சியின் நீளம் சொல்பவர் வாய்க்கேற்ப வளர்ந்ததும் உண்டு.

புகழ் கிடைத்த நாட்டிலேயே தங்கியிருக்க வாய்ப்பிருந்தும் தம்பதியர் தாயகம் திரும்பினர். 1934-இல் மும்பை மலாடில் பாம்பே டாக்கீஸ் பிறந்தது. பின்னணிக் குரல் வழக்கத்துக்கு வராத அந்நாளில் 'அச்சுத் கன்யா' (1936) படத்தில் தேவிகா ராணியும் அசோக் குமாரும் தாங்களே பாடினர். இசையமைத்தவர் சரஸ்வதி தேவி. லண்டனுக்காகப் பழக்கிய குரல், தீண்டாமைக்கு உள்ளான கிராமத்துப் பெண்ணின் குரலாக மாறியபோதுதான் இந்தியா அவரை ஏற்றது.

1940-இல் ராய் காலமானார். நிறுவனப் பொறுப்பு முழுவதும் 32 வயதுப் பெண்ணின் தோளில் விழுந்தது. 'கிஸ்மத்' (1943) பெருவெற்றி பெற்றது. 1944-இல் 'ஜ்வார் பாட்டா' மூலம் திலீப் குமார் அறிமுகமானார். எனினும், உட்பூசலால் அசோக் குமார் உள்ளிட்டோர் வெளியேறித் தனி நிறுவனம் கண்டனர். 1945-இல் தேவிகா ராணியும் திரையுலகைத் துறந்து, ரஷ்ய ஓவியர் ஸ்வெத்தோஸ்லாவ் ரோரிக்கை மணந்தார். அப்போது வயது 37. அதன்பின் அவர் நடிக்கவேயில்லை.

தாதகுணியில் ரோரிக் ஓவியம் தீட்ட, வாசனைத் தைலத்துக்காக லினலோ மரங்கள் வளர்க்கப்பட்டன. 1958-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 1969-ஆம் ஆண்டுக்கான முதல் தாதாசாகேப் பால்கே விருதும் தேவிகா ராணிக்கே கிடைத்தது.

1993 ஜனவரியில் ரோரிக்கும், 1994 மார்ச் 9 அன்று தேவிகா ராணியும் மறைந்தனர். வாரிசு இல்லை. தோட்டத்தின் உரிமை குறித்து நீண்ட வழக்கு எழுந்தது. அதனைக் கையகப்படுத்தும் கர்நாடக அரசின் சட்டம் செல்லும் என 2011 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.