மந்திரத்திற்கு விதி வகுத்தவர்

தலைவர்கள், அறிஞர்கள், புலவர்கள் ஆகியோரின் வாழ்க்கையையே நம் இதழில் படித்துப் பழகிய நண்பர்களுக்கு, ஒரு விளையாட்டை ஆக்கியவரைப் பற்றி நான் எழுத முற்படுவது வியப்பாக இருக்கலாம். ஆனால் சட்டம் பயில்வோரும் இலக்கணம் பயில்வோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று அவர் வாழ்வில் உண்டு. அவர் பெயர் கேரி கைகாக்ஸ்.

1938 சூலை 27ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய வயலின் இசைஞர். கேரி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் விசுகான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்னும் சிற்றூருக்குச் சென்றது. அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஆயினும் நூல்களை விட்டவர் அல்லர். பின்னர் காப்பீட்டுத் துறையில் இடர்களை மதிப்பிடும் வேலை கிடைத்தது. 1970இல் அதுவும் போயிற்று. மனைவி மக்களைக் காப்பதற்காகக் காலணி பழுதுபார்க்கும் தொழிலை மேற்கொண்டார்.

வறுமையிலும் அவரை விடாது பற்றியிருந்தது போர் விளையாட்டு. மேசை மேல் சிறு பொம்மை வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, இடைக்காலப் போர்களை நடத்துவது அது. ஜெப் பெரன் என்பவருடன் சேர்ந்து 1971இல் 'செயின்மெயில்' என்ற விதிநூலை வெளியிட்டார். அதன் பிற்சேர்க்கையில் தீயுருண்டை எறியும் மந்திரவாதிகள் வந்தனர். மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் என்ற இளைஞர், ஒருவர் ஒரு படையை நடத்துவதற்கு மாறாக ஒரே ஒரு வீரனாக நடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இருவரும் கூடி ஆக்கியதே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் மூன்று சிறு நூல்களாக, 1000 படிகள் மட்டும் அச்சிடப்பட்டு அது வெளிவந்தது.

ஆடும் முறை எளிது. ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். தாம் செய்வதை வாயால் சொல்வார்கள். ஐயத்திற்குரிய இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். அந்நாளைய விதிப்படி மந்திரவாதியோ தன் மந்திரத்தை முன்கூட்டியே ஏட்டைப் பார்த்து மனத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து மறைந்துவிடும். 1950இல் வெளிவந்த ஜாக் வான்ஸின் மாயக் கதைகளிலிருந்து இக்கருத்தைக் கைகாக்ஸ் எடுத்துக்கொண்டார்.

தொல்லை இங்கேதான் பிறந்தது. ஒரே மந்திரத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றிக்கொள்ளலாமா? நூலை இருவகையாகவும் படிக்க இடமிருந்தது. குறுகிய இடத்தில் எறிந்தால் தீயுருண்டை அவ்விடத்தின் வடிவை ஏற்கும் என்றது விதி. எவ்வளவு தூரம் என்று அது சொல்லவில்லை. ஐயம் எழுந்தால் அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்பதே அந்நாளில் கைகாக்ஸின் கருத்து. அப்படியே ஊருக்கு ஒரு தீர்ப்பு தோன்றியது. ஒரு நூற்பாவுக்கு இளம்பூரணர் ஓர் உரையும் சேனாவரையர் வேறோர் உரையும் சொல்லக் கேட்ட நமக்கு இது புதிதன்று!

1976 ஏப்ரலில் தம் நிறுவனத்தின் இதழில் அவர் விளக்கம் எழுதினார். ஒரே மந்திரத்தை மூன்று முறை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய ஒவ்வொன்றும் ஒருமுறையே பயன்படும் என்பது அவ்விளக்கம். பிறகு 1977 முதல் 1979 வரை மூன்று பெரிய நூல்களில் விதிகளை விரித்தார். மந்திரத்திற்குச் சொல், கையசைவு, பொருள் என மூன்று உறுப்புகள் வகுத்தார். தீயுருண்டைக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். மின்னலுக்கு மென்மயிர்த் தோலும் கண்ணாடிக் கோலும் வேண்டும். வெடிமருந்தும் நிலைமின்னும் படித்த அறிவியல் மாணவர்கள் இதன் குறும்பை உணர்ந்து சிரிக்கலாம்.

தீயுருண்டையின் கொள்ளளவையும் சுமார் 33,000 கன அடி என்று வரையறுத்தார். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்க வழியில் அது 330 அடி நீளம் பரவும். இரு புறமும் 165 அடி. அருகில் எறிந்தவன் தன் தோழர்களையே எரித்துவிடுவான்!

வழக்கு ஓய்ந்ததா? இல்லை. பாதி மூடிய கதவின் இடுக்கில் தீ புகுமா என்று கேட்டனர். ஒரு விடை எழுதினால் இரண்டு வினா முளைத்தது. சலித்த கைகாக்ஸ், விதியை மாற்றுவோர் தம் விளையாட்டை ஆடுவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற அளவுக்குக் கடுமையானார். அதே காலத்தில், நடுவர் தீர்ப்பே முடிவானது என்றும் எழுதினார். இம்முரண்பாட்டை நான் குறையாகக் காணவில்லை. ஒரே நீதி வேண்டும் என்ற ஆசையும், கண்முன் உள்ளவனுக்கு நியாயம் வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு ஒருங்கே இருந்தன.

அவர் குறையற்றவர் அல்லர். உரிமைத்தொகை பற்றி ஆர்னிசன் தொடுத்த வழக்கு 1981இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. 1985இல் தாம் தொடங்கிய நிறுவனத்தின் தலைமையை அவர் இழந்தார். அடுத்த ஆண்டு வெளியேறினார். 1989இல் வந்த புதிய பதிப்பைப் பிறர் எழுதினர். விதி வகுத்தவருக்கே பொருள் சொல்லும் அதிகாரம் இல்லாமற்போயிற்று. ஆயினும் அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. 2008 சனவரியிலும் வாரந்தோறும் நண்பர்களுடன் மேசையில் அமர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு 4ஆம் நாள், தம் 69ஆம் வயதில், லேக் ஜெனிவாவில் மறைந்தார்.

நானும் விடுதியில் நடுவராக அமர்ந்து இச்சண்டைகளைக் கேட்டிருக்கிறேன். கைகாக்ஸின் வாழ்க்கை எனக்கு ஒன்றைக் கற்பித்தது. எந்த விதிநூலும் தனக்குத் தானே பொருள் சொல்லாது. எழுதியவரும் என்றும் அருகில் இருக்கமாட்டார். பொருள் காண வேண்டியவர் நாமே. எனவே ஐயமான விதிக்கு என் முடிவைத் தீ எறியப்படுவதற்கு முன்னரே சொல்லிவிடுகிறேன். முன்னே சொன்னால் அது நீதி. எரிந்த பின் சொன்னால் அது வெறும் அதிகாரம். நாளை நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ விதிகளைக் கையாளப் போகும் நண்பர்கள் இதை நினைவிற் கொள்வார்களாக!