யாழ்ப்பாணம் காத்திருந்த நத்தார்

மார்கழி பிறந்தால் கிறிஸ்தவ ஆலயங்களிலே ஆகமன காலத்தின் செபங்கள் ஒலிக்கத் தொடங்கும். நத்தாருக்கு முன்னுள்ள நான்கு வாரங்களையும் காத்திருத்தலுக்கென்றே திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கின்றது. வீடுகளிலோ பலகாரச் சட்டிகள் அடுப்பேறும். பிள்ளைகள் புத்தாடையின் கனவிலே திளைப்பர். இனிய கவலைகளே அவை. ஆயின், நம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மக்கள் ஒரு காலத்தில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்கள் காத்திருந்தது ஒரு குருவானவருக்காக. அக்காத்திருப்பை முடித்து வைக்க வந்தவர் யோசேவாஸ் முனிவர். அவர் வாழ்க்கையை அறிவதற்கு முன், அம்மக்கள் இருந்த நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கக் குருமாரும் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுள் எவருக்கேனும் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. பறங்கியர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. ஞானஸ்நானமும் திருமணமும் அச்சபையின் ஏட்டிலே பதிவாதல் வேண்டும். அன்றேல் முதுசத்திற்கும் உரிமையில்லை, உத்தியோகத்திற்கும் இடமில்லை. ஆகவே பகலிலே ஒல்லாந்தப் பாதிரியாரின் பிரசங்கத்துக்குச் சென்ற மக்கள், இரவிலே கதவைச் சார்த்திவிட்டுச் செபமாலையைக் கையிலெடுத்தனர். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறக்குந் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் கொடுப்பார் இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்தது.

ஈண்டு ஒன்றைச் சொல்லாது கடந்து செல்வது நேர்மையாகாது. இவ்வாறான மறைவு வாழ்வு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. பறங்கியர் காலத்திலே சைவப் பெருமக்கள், விரதச் சோறுண்ட வாழையிலையைக் கண்டுவிடுவார்களோ என்று அஞ்சிக் கூரையிலே செருகி மறைத்தனர் என்னுங் கதையை நம் முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றனர். கோயில்களை இடித்தவர்களும், பின்னர் ஆலயங்களைப் பறிகொடுத்தவர்களும் ஒரே சமயத்தின் பெயரைத் தாங்கியவர்கள் என்பது வரலாற்றின் கசப்பான பாடம். யோசேவாஸ் முனிவரின் பெருமை விளங்குவதும் இவ்விடத்திலேதான். அவர் படையோடு வந்தவரல்லர். கப்பற்கொடியின் நிழலில் வந்தவருமல்லர். வெறுங்காலோடு, கூலியாளின் கோலத்திலே வந்தார்.

கோவா நாட்டிலே, பெனாலிம் என்னும் ஊரிலே, 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ். தாயார் மரியா தெ மிராண்டா. கொங்கணி பேசும், பிராமண மரபிலே வந்த கிறிஸ்தவக் குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, கோவா நகரிலுள்ள சின்னப்பர் கல்லூரியிலே இயேசு சபையாரிடம் பயின்று, 1676இல் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆவணி 5ஆந் திகதி, தம்மைத் தேவமாதாவின் அடிமையென ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைகளை வாங்குதலும் விற்றலும் அன்றாட வியாபாரமாயிருந்த ஒரு நகரிலே, நற்குலத்திற் பிறந்த இளங்குரு ஒருவர் தம்மை அடிமையென எழுதிக்கொண்டது வெறும் பக்திச் சொல்லாக இராது. அந்நாள் தொட்டே அவர் பாதரட்சை அணிவதை விட்டுவிட்டார் என்பர்.

குருக்களற்ற இலங்கையின் துயரம் அவர் செவிக்கு எட்டியது. அங்கே போக வேண்டுமென அவர் மனம் துடித்தது. மேலிடமோ 1681இல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. இலங்கை வேண்டுமென்று கேட்டவருக்கு மங்களூர் கிடைத்தது! அவர் முகஞ் சுளிக்கவில்லை. அங்கே மூன்றாண்டுகள் ஊரூராய் நடந்தார், சிறு பள்ளிகளைத் தோற்றுவித்தார், நோயாளிகளைப் பேணினார், அடிமைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணங் கொடுத்து மீட்டார். அக்காலத்துத் திருச்சபை அதிகாரிகளிடையே எழுந்த உரிமைப் பூசல் ஒன்றிலும் அவர் நடுவே அகப்பட்டுத் தவித்தார். அதனை விரித்துரைத்தால் வாசகர்க்குச் சலிப்பே மிஞ்சும். கோவாவுக்கு மீண்டவர், 1685இல் அங்கு அரும்பியிருந்த ஒரு சிறு குருமார் குழுவிலே சேர்ந்தார். இந்தியக் குருமாரையே கொண்ட அக்குழு, பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் சபை முறையைத் தழுவியது. சேர்ந்த சிறிது காலத்திலேயே அவரைத் தலைவராக்கிவிட்டனர். அப்பதவியும் அவரைக் கட்டி வைக்கவில்லை. 1686இல் விடை பெற்றுப் புறப்பட்டார்.

துணைக்கு வந்தவர் யோவான் என்னும் பணியாளர் ஒருவரே. மேற்குக் கரையோரமாகத் தெற்கே சென்று தூத்துக்குடியை அடைந்தார்கள். குருவென்று தெரிந்தால் ஒல்லாந்தர் கப்பலேற விடார். ஆதலால் குருவானவர் கூலியாளானார். பூசைக்குரிய பொருள்கள் மூட்டைக்குள் மறைந்தன. கடலிலே புயலால் அலைப்புண்டு, மன்னாரைத் தொட்டு, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவுடன் வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. தொற்றுநோயோ என்று அஞ்சிய அயலவர் இருவரையும் ஊருக்கு வெளியே விட்டுவிட்டனர். யோவானும் நோயிற் படுத்தார். அங்கே ஓர் ஏழைப் பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவ்விருவரையும் காத்தாள் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. தான் ஊட்டியது யாரை என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாத பிச்சைக்காரன் ஒருவனுக்கே அவள் கஞ்சி வார்த்தாள். யாழ்ப்பாணம் முனிவருக்குச் செய்த முதல் உபசாரம் அதுவே. அவர் நமக்குச் செய்த தொண்டைப் பேசுவோர், அதற்கு முன் நிகழ்ந்த இக்கொடையை மறந்துவிடுதல் தகாது.

நோய் தீர்ந்து எழுந்தவருக்கு ஒரு பெருஞ் சிக்கல். கத்தோலிக்கர் யார், அல்லாதார் யார் என்று எவ்வாறு அறிவது? கேட்டால் எவருஞ் சொல்லார். சொன்னால் உயிருக்கு ஆபத்து. கேட்பவனே ஒல்லாந்தரின் ஒற்றனாகவும் இருக்கலாம் அன்றோ? முனிவர் ஓர் உபாயங் கண்டார். செபமாலையைக் கழுத்திலே வெளிப்படையாக அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். மாலையைக் கண்டதும் எவர் முகம் மலர்கின்றது, எவர் கண் கலங்குகின்றது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். ஒரு வீட்டாரின் அன்பு சற்றே மிகுந்து தோன்ற, அவர்களிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்து, தாம் குருவென்பதை வெளியிட்டார். இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோருக்கு அச்சொல் எப்படிக் கேட்டிருக்கும்! செய்தி காதோடு காதாய்ப் பரவியது.

பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. பகலிலே மறைந்திருப்பார். இரவானதும் கிராமங் கிராமமாய்ச் செல்வார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், நோயாளிகளுக்கு ஆறுதல், வீட்டுத் திண்ணையையோ உள்ளறையையோ ஆலயமாக்கிப் பூசை, விடியுமுன் அடுத்த ஊர் என்பதாய் அவர் நாட்கள் கழிந்தன. தமிழையும் முயன்று கற்றார். வெளியார் ஒருவரை ஓர் ஊரே சேர்ந்து இரண்டாண்டுக்கு மேல் ஒளித்து வைத்திருந்தது எளிதான காரியமன்று. ஒளித்தவர் தலைக்கும் விலை இருந்ததை நினைவிற் கொள்க.

1689ஆம் ஆண்டு மார்கழி வந்தது. நத்தார் இரவுப் பூசைக்கு மக்கள் அந்தரங்கமாக ஆயத்தஞ் செய்தனர். அவ்வேளை ஒல்லாந்தக் கும்பனியின் ஆணையாளராக விளங்கியவர் வன் ரீட். மலையாள நாட்டின் மரஞ்செடி கொடிகளை ஆராய்ந்து ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பன்னிரு பாகப் பெருநூலை வெளியிட்ட அறிஞர் அவரே. ஒரு செடியின் இலையையும் வேரையும் அத்தனை பரிவோடு நோக்கிய கண், மக்களின் வழிபாட்டை நோக்கும்போது மாத்திரம் வேறு கண்ணாயிற்று. இரகசியம் எவ்வாறோ வெளிப்பட்டது. நத்தாருக்கு முந்திய இரவிலே, மக்கள் கூடியிருந்த இடங்களிற் படைவீரர் புகுந்தனர். திருப்பொருள்கள் சிதைக்கப்பட்டன. 300 பேர் வரையிற் பிடிபட்டனர். தலைவர்களாய் எண்ணப்பட்டவர்கள் சிறையிற் கிடந்து கடுந்தண்டனை பெற்றனர். அவர்களுள் தொன் பேதுரு என்பவர் அடிகளின் கொடுமையால் உயிர் நீத்தார்.

முனிவர் அகப்படவில்லை. படைவீரர் கண்ணுக்கு அவர் தோன்றாதபடி இறைவன் மறைத்தான் என்பது பக்தர் நம்பிக்கை. அது எவ்வாறாயினும், அவரைக் காட்டிக் கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும் எண்ணம் பிடிபட்டவர்க்கு இல்லாது போயிற்று என்பது திண்ணம். இருபத்தொன்பதாண்டு காத்திருந்து பெற்ற குருவை, தங்கள் நத்தாரையே இழந்து அவர்கள் காப்பாற்றினார்கள்.

தமக்காக மற்றோர் துன்புறுதலைக் கண்டபின் யாழ்ப்பாணத்தில் நிலைத்திருத்தல் அவருக்கு ஒல்லவில்லை. 1690இல் கண்டியரசனுக்குரிய புத்தளத்தை அடைந்து, 1692இல் கண்டி மாநகருக்கு ஏறினார். அங்கே அவருக்கு வாய்த்த வரவேற்பு சிறைதான். போர்த்துக்கேயரின் ஒற்றனென்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் கோள் மூட்ட, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான். காவலிலிருந்தபடியே சிங்களத்தைக் கற்றார். அவர் ஒழுக்கத்தைக் கண்டு காவல் படிப்படியாகத் தளர்ந்தது. நாடு வறண்டிருந்த வேளையில் அவர் வேண்ட மழை பெய்ததென்றும், அதனால் மன்னன் மனம் இளகினானென்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. மழையினும் பெரிதாக நாம் கொள்ளத்தக்கது, பின்னர் வந்த வைசூரியின் காலத்தில் அவர் செய்த ஊழியமே.

1697இல் கண்டியிலே வைசூரி பரவியது. மன்னனும் பரிவாரமும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரைக் காட்டிலே கொண்டு போய் விட்டு வருவது வழக்கமாயிற்று. பெற்ற பிள்ளையைப் பெற்றவரே கைவிட்டனர். முனிவரும், முந்திய ஆண்டு கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் யோசேப் கர்வாலோ சுவாமியாரும் நகரிலேயே தங்கினர். காட்டிலே குடிசை அமைத்தும், வெறிச்சோடிய வீடுகளை நோயில்லங்களாக்கியும் நோயாளிகளைக் கிடத்தினர். புண்ணைக் கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தோரைத் தம் கைகளாலே புதைத்தனர். பௌத்தரா, கிறிஸ்தவரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. பத்தாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி இருவருக்கு வார்த்த கஞ்சி, கண்டியிலே எண்ணற்றோருக்குக் கஞ்சியாயிற்று என்று நான் எண்ணுவதுண்டு. அரசாங்கத்தார் செய்யத் தவறிய ஒன்றை அந்நிய நாட்டுச் சிறைக்கைதி ஒருவர் செய்ததை மன்னன் உணர்ந்தான். அதன்பின் அவர் நாடெங்கும் சுதந்திரமாக நடமாட முடிந்தது. கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லாந்தர் பகுதிகளுக்கு முன்போலவே மாறுவேடத்தில் சென்று வந்தார்.

வந்த நாள் முதல் ஒன்பதாண்டு வரை இத்தீவு முழுமைக்கும் அவர் ஒருவரே குரு. பின்னர் கோவாவிலிருந்து அவர் சபையினர் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை ஆக்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 1705இல் வந்தவர். ஆயர்ப் பதவிக்கு நிகரான உயர்நிலையொன்று முனிவரைத் தேடி வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை.

1711ஆம் ஆண்டு தை 16ஆந் திகதி, தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், கண்டியிலே அவர் கண்மூடினார். இலங்கையிற் கழித்தது ஏறத்தாழ 24 ஆண்டுகள். அத்தனை காலத்தில் ஒருமுறையேனும் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பிலே அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 தை 14ஆந் திகதி, காலிமுகத் திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தார். கண்டியிலே அவரை அடக்கஞ் செய்த ஆலயம் பின்னாளில் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடம், அந்தக் கஞ்சி வார்த்த பெண்ணின் பெயரைப் போலவே, இன்று எவருக்குந் தெரியாது.