70 ரூபாய் ரேடியோ: ஜி.டி. நாயுடுவின் கணக்கு



நம் கீழ்த்தளச் சாமான் அறையைக் காலி செய்தபோது ஒரு பழைய வால்வு ரேடியோ கிடைத்ததை வாட்ஸ்அப் குழுவில் படமாகப் பார்த்திருப்பீர்கள். மரப்பெட்டி, முகப்பில் துணி, கண்ணாடித் தகட்டில் வரிசையாக ஊர்ப் பெயர்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு ஒரு விலை சொன்னார். நம்மில் ஒருவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் போகும் என்றார். இரண்டுமே சரியில்லை.

லட்சத்தில் போகும் ரேடியோ வேறு ஜாதி. அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1935-ல் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று ஒரு பெட்டி செய்தது. அதில் 25 வால்வுகள், விலை 750 டாலர். அதே ஆண்டு சுமார் 500 டாலர் கொடுத்தால் ஒரு புது ஃபோர்டு காரை வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கலாம். மொத்தம் 350 அளவில்தான் செய்தார்கள். அன்றைக்கே வாங்க ஆளில்லாத விலை. அதனால்தான் இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. நம் அறையில் இருந்தது ஐந்து வால்வு. அந்த ஐந்து வால்வைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

பெயர் உங்களுக்குத் தெரியும். கோவை அவினாசி ரோட்டில் 2025-ல் திறந்த நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் மனிதர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் முழிக்கிறார்கள்.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் ஒட்டவே இல்லை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்த இளைஞர், அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்து கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த ரட்ஜ் வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினார். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது, அதற்கு நாம் கொடுக்கும் விலை நியாயமா என்ற கேள்வி அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பஞ்சு வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்து உதவ, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். 1933-ல் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியிடம் 280 பஸ்கள் இருந்தன. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார். பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மண்ணெண்ணெய் மின்விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். அதையெல்லாம் விட்டுவிட்டு ரேடியோவுக்கு வருகிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி நிலையம் 1939 மே 16-லும் தொடங்கின. அப்போது நம் தர்மபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1965-ல்தான். நிகழ்ச்சி காற்றில் வந்துவிட்டது. கேட்கப் பெட்டி வேண்டுமே! வெளிநாட்டுப் பெட்டி கப்பலில் வர வேண்டும். சுங்க வரி உண்டு. வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் உண்டு. நல்ல செட் சில நூறு ரூபாய். மின்சாரம் இல்லாத ஊரென்றால் பேட்டரிச் செலவு தனி. ஊருக்கு ஒரு பணக்காரர் வீட்டில் பெட்டி இருக்கும். மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை இங்கேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று நாயுடு அறிவித்தார்.

ஏன் ஐந்து? ஒரு வால்வு, வேண்டிய நிலையத்தின் அலையைப் பிடித்து வேறு அலைவரிசைக்கு மாற்றும். இரண்டாவது அதை வலுவாக்கும். மூன்றாவது அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்கும். நான்காவது ஒலிபெருக்கியை இயக்கும். ஐந்தாவது வீட்டு மின்சாரத்தை வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும். தூரத்து நிலையத்தையும் தெளிவாகக் கேட்க ஒரு குடும்பத்துக்கு இது போதும். மீதி இருபது வால்வும் பெருமைக்குத்தான் என்று சொன்னால் ரேடியோ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் ஏறக்குறைய உண்மை.

70 ரூபாய் அன்று சில்லறைக் காசு இல்லை. பத்து கிராம் தங்கம் 36 ரூபாய் அளவில் விற்ற காலம். அதாவது ஏறக்குறைய இரண்டரைப் பவுன். இன்றைய பவுன் விலையில் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். அதுதான் அன்று மலிவு என்றால், மற்ற செட்டுகளை யார் வாங்கியிருக்க முடியும் என்று யோசியுங்கள்.

இதே கணக்கை அவர் காரிலும் போட்டார். 1952-ல் இருவர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை, தயாரிப்பு நின்றுபோனது. வரிக் கொள்கை மேல் கோபம் வந்து, ஊரைக் கூட்டித் தன் பொருட்களைத் தானே உடைத்தார். நண்பரான பெரியாரே அதைக் கண்டித்தார். எனக்கும் அந்தச் செயல் ஒப்பவில்லை. உடைத்த பொருள் யாருக்கும் பயன்படாமல் போனதுதான் மிச்சம். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் எல்லாம் பல வீட்டுப் பரண்களில் பார்த்திருக்கிறேன். கோவையில் செய்த 70 ரூபாய்ப் பெட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கோவை போகிறவர்கள் அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.

நம் ரேடியோ இப்போது சங்க அலுவலக அலமாரியின் மேல் இருக்கிறது. பின்பலகைக்குள் ஒரு லைசென்ஸ் புத்தகமும் இருந்தது. ஒரு வருடமும் விடாமல் அஞ்சலக முத்திரை. யாரோ ஒருவர் கஷ்டப்பட்டு வாங்கி, ஒழுங்காகப் பணம் கட்டிக் கேட்ட பெட்டி. உங்கள் வீட்டுப் பெரியவருடையது என்று தோன்றினால் வந்து புத்தகத்தில் பெயரைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் வராவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்வோம். அதுவரை ஆர்வக்கோளாறில் யாரும் பிளக்கில் சொருகிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் பழைய கண்டென்சர்கள் கெட்டிருக்கும். புகையலாம், ஷாக்கும் அடிக்கலாம். வால்வு ரேடியோ பார்க்கத் தெரிந்த மெக்கானிக் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள்.