நசுக்கி வைத்து விரித்துக் காட்டியவர்



படம் ஆரம்பிக்கும்போதே சினிமாஸ்கோப் என்று திரை முழுக்கப் பெரிய எழுத்து வந்த காலம் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் சினிமாக்காரர் இல்லை, நட்சத்திரங்களை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி! பெயர் ஹென்றி கிரெத்தியன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டத்தை வட்டமாகக் காட்டப் பாடுபடும் நமக்கு அவர் ஒரு வகையில் முன்னோடி. அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

1879 பிப்ரவரி 1-ஆம் தேதி பாரிசில் பிறந்தார். பிரான்சின் தென்கோடியில் உள்ள நீஸ் நகர வானாய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். ரிச்சி என்ற அமெரிக்கருடன் சேர்ந்து அவர் வடிவமைத்த தொலைநோக்கி இன்றும் இருவர் பெயராலும் ரிச்சி - கிரெத்தியன் என்றே வழங்குகிறது. 1990-இல் விண்ணில் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கி இந்த வகைதான். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் நம் நாடு வைத்திருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியும் இதே வகைதான். இது ஒன்றே போதும் ஒரு மனிதருக்கு! ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை.

முதல் உலகப் போரின்போது, டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வெளிக்காட்சி அகலமாகத் தெரிய ஒரு லென்ஸ் வேண்டும் என்ற தேவை வந்தது. அதிலிருந்து கிளைத்த யோசனை என்று சொல்கிறார்கள். 1927-ஐ ஒட்டி அதைச் சினிமாவுக்கு ஏற்றபடி செய்து, ஹைப்பர்கோனார் என்று பேர் வைத்தார்.

சாதாரண லென்ஸ் நீளம், அகலம் இரண்டையும் ஒரே அளவில்தான் சுருக்கும். கிரெத்தியன் உருளை வடிவக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினார். உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் பாதியாகும். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆட்கள் எல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்பார்கள். தியேட்டர் புரொஜெக்டரில் இதற்கு நேர் எதிரான லென்ஸைப் போட்டால் அகலம் இரண்டு மடங்காகி, ஆள் ஆளாகத் தெரிவார். ஃபிலிம் அதே 35 எம்.எம். ஃபிலிம்தான், காட்சி மட்டும் அகலம்! டிராயிங் வகுப்பில் எக்ஸ் அச்சுக்கு ஒரு ஸ்கேல், ஒய் அச்சுக்கு வேறு ஸ்கேல் எடுப்போமே, அதே கதைதான்.

இவ்வளவு அருமையான கண்டுபிடிப்பை அன்றைக்கு யாரும் சீண்டவில்லை என்பதுதான் வேதனை. குளோத் ஓத்தான் - லாரா என்ற இளம் இயக்குநர் மட்டும் அதை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். 1930-இல் வெளியானது, ஓடவில்லை. பேசும்படம் வந்த சமயம் அது. தியேட்டர்காரர்கள் ஸ்பீக்கர் வாங்கிய கடனிலேயே முழி பிதுங்கி நின்றார்கள், லென்ஸுக்கு எங்கே போவார்கள்? 1937 பாரிஸ் கண்காட்சியில் ஒரு முறை காட்டினார்கள், அத்தோடு சரி. கிரெத்தியன் ஒளியியல் பேராசிரியராகத் தன் பாட்டுக்கு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பேட்டன்ட் காலமும் முடிந்துவிட்டது.

பிறகு டெலிவிஷன் வந்தது. அமெரிக்காவில் தியேட்டர்கள் காலியாயின. 1952-இல் மூன்று புரொஜெக்டர் வைத்து ஓட்டிய சினிராமாவுக்குக் கூட்டம் அலைமோதியது. ஆனால் எல்லாத் தியேட்டரிலும் மூன்று புரொஜெக்டர் வைக்க முடியுமா? அந்த ஆண்டு டிசம்பரில் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனியின் தலைவர் ஸ்கூராஸ், 73 வயதுக் கிரெத்தியனைத் தேடிப் பிரான்சுக்கே வந்துவிட்டார்! 25 வருடமாகக் கிடந்த பழைய லென்ஸ்கள் கடல் கடந்து ஹாலிவுட் போயின. 1953 செப்டம்பரில் தி ரோப் வெளியானது. மறு ஆண்டு ஃபாக்ஸ் பொறியாளர்களோடு அவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. 1956 பிப்ரவரி 6-ஆம் தேதி வாஷிங்டனில் காலமானார். 77 வயது முடிந்து ஐந்தே நாள். தமிழுக்குச் சினிமாஸ்கோப் வந்தது 1973-இல், ராஜராஜ சோழன் படத்தில்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஆரம்பகால சினிமாஸ்கோப்பில் குளோசப் எடுத்தால் நடிகர் முகம் உப்பிவிடும். அம்மைக்கட்டு என்றே அதைக் கேலி செய்தார்கள். காரணம் எளிது. பக்கத்தில் நிற்கும் ஆளை லென்ஸ் சரியாகப் பாதி நசுக்காது, கொஞ்சம் குறைவாகத்தான் நசுக்கும். புரொஜெக்டருக்கு அது தெரியுமா? அது எப்போதும் போல இரண்டு மடங்கு விரிக்கும். நசுக்கிய கணக்கும் விரித்த கணக்கும் ஒத்துப்போகவில்லை.

இதே கதைதான் நம் கம்ப்யூட்டரிலும். நம் ஊர் டி.வி.டி.யில் படம் 720-க்கு 576 புள்ளிகளாக இருக்கும். அந்தப் புள்ளி சதுரம் இல்லை! பழைய டி.வி. வடிவமான 4:3 என்றால் மானிட்டரில் 768-க்கு 576 ஆக்க வேண்டும். அகலத்திரை 16:9 என்றால் 1024-க்கு 576. உள்ளே இருப்பது இரண்டுக்கும் அதே 720 புள்ளிதான். எது எது என்று சொல்வது கோப்பில் கூடவே எழுதியிருக்கும் ஒரு சின்ன எண். அது தப்பானாலோ, சாஃப்ட்வேர் அதைப் படிக்காவிட்டாலோ அம்மைக்கட்டுதான்!

எங்கள் அக்கா கல்யாண டி.வி.டி.யில் அப்படித்தான் ஆகிவிட்டது. எழுதிக் கொடுத்த கடைக்காரர் 4:3 படத்துக்கு 16:9 என்று போட்டுவிட்டார். எங்கள் ஆத்தா அசைந்து நடப்பது அந்த ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. ஒல்லியான மனுஷி, அதில் பூசணிக்காய் மாதிரி இருப்பார். அப்பா பார்க்கவே மாட்டார், இது எங்கம்மா இல்லை என்று எழுந்து போய்விடுவார். படத்தில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. பிளேயரில் விகிதத்தை 4:3 என்று மாற்றியதும் ஆத்தா ஆத்தாவாக வந்துவிட்டார். அப்பா அன்றைக்கு முழுசும் உட்கார்ந்து பார்த்தார்.

நம் லேபில் டர்போ சி இருக்கும் கணினியில் கெட்ஆஸ்பெக்ட்ரேஷியோ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. 640-க்கு 480 முறையில் இரண்டு எண்ணும் 10000 என்று வரும், அதாவது புள்ளி சதுரம். 320-க்கு 200 முறையில் கிடை எண் 8333 என்று வரும், அதாவது புள்ளியின் அகலம் உயரத்தில் ஆறில் ஐந்து பங்கு. வட்டத்துக்கான ஃபங்ஷனைக் கூப்பிடாமல், சைன், கொசைன் போட்டு நீங்களே புள்ளி வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். முட்டை வரும். எக்ஸ் தூரத்தை 10000-ஆல் பெருக்கி 8333-ஆல் வகுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.