அறிவும் அன்னமும் ஈந்த அன்னை சாவித்திரிபாய் பூலே

தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்வியுறாத தமிழர் குறைவு. 1876ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கொடும் பஞ்சம் சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் எனப் பரவித் தென்னாட்டையே வாட்டியது. அந்நாளில் மராட்டிய மண்ணில் பசித்தோர்க்கு உணவு திரட்டிய பள்ளி ஆசிரியை ஒருவரின் வாழ்வை, கல்விப் பணியில் 25 ஆண்டுகள் கண்ட நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

சாவித்திரிபாய் 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், சதாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் ஜோதிராவ் பூலேயை மணந்தார். எழுத்தறியாச் சிறுமியாகப் புகுந்த வீட்டிற்கு வந்தவர், கணவரிடமே கற்று ஆசிரியையானார். 1848இல் இருவரும் பூனாவில் பெண்களுக்கெனப் பள்ளி திறந்தனர். பின்னர் மகர், மாங் குலக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் அமைத்தனர். பள்ளி செல்லும் வழியில் சாணமும் சேறும் அன்னையார்மேல் வீசப்பட்டன. மாற்றுச் சேலையொன்றை உடன் எடுத்துச் சென்று பாடம் நடத்தினார் என்பர். அப்பள்ளியில் பயின்ற மாங் குலச் சிறுமி முக்தாபாய், தம் மக்கள் படும் துயரைப் பற்றி 1855இல் எழுதிய கட்டுரை அச்சேறியது. தீண்டாமையால் தண்ணீர் மறுக்கப்பட்டோர்க்கு 1868இல் பூலே இணையர் தம் வீட்டுக் கிணற்றையே திறந்துவிட்டனர்.

1873இல் ஜோதிராவ் சத்திய சோதக் சமாஜத்தை நிறுவினார். பஞ்சம் வந்தபோது அச்சமாஜத்தினர் ஊர் ஊராகச் சென்று தானியமும் பொருளும் திரட்டினர். அரசின் நிவாரண வேலைகளிலோ, கடுமையாக உழைப்போர்க்கும் நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானிய அளவிலேயே கூலி கணக்கிடப்பட்ட காலம் அது. 1877இல் ஜுன்னர்ப் பகுதியின் ஓதூரில் தங்கிப் பணியாற்றிய அன்னையார், அங்குக் கண்ட கொடுமைகளைக் கணவருக்கு மடலாக எழுதினார். மக்களின் பசியை முதலாக்கிய வட்டிக்கடைக்காரர்களைத் தொண்டர்கள் எதிர்த்ததும், அதனால் அவர்கள் சிறைப்பட்டதும் அம்மடலால் தெரிய வருகின்றன. தனக்கவாடியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உணவு விடுதியொன்றும் நடத்தப்பட்டது.

1890இல் ஜோதிராவ் மறைந்தார். பெண்கள் சுடுகாட்டிற்குச் செல்லாத அந்நாளில், அன்னையாரே கொள்ளிச் சட்டி ஏந்தி முன்நடந்தார். சமாஜப் பணியையும் தாமே தாங்கினார்.

1897இல் பிளேக் நோய் பூனாவைப் பற்றியது. நோயாளியைத் தொட உற்றாரும் அஞ்சினர். அன்னையாரின் வளர்ப்பு மகன் யசுவந்தர் மருத்துவர். படையில் பணிபுரிந்த அவர் விடுப்பில் வந்து, அன்னையுடன் சேர்ந்து ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்தார். முண்ட்வா ஊரின் மகர் குடியிருப்பில் பாண்டுரங்கன் என்னும் சிறுவன் நோயில் துவண்டு கிடந்தான். 66 வயதில் அவனைத் தம் முதுகில் சுமந்து நிலையம் சேர்த்தார் அன்னையார். சிறுவன் பிழைத்தான், சுமந்தவரை நோய் பற்றியது. மார்ச் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அண்ணல் அம்பேத்கர் ஆறு வயது நிறையாத சிறுவர். பின்னாளில் ஜோதிராவைத் தம் ஆசான்களுள் ஒருவராக அவர் ஏற்றதை நாம் அறிவோம்.

அன்று பிளேக்கிற்கென இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 2020இல் கொரோனாவின்போதும் கையாளப்பட்டது. ஊரடங்கில் கூலியிழந்த வீடுகளுக்கு அரிசி சுமந்து சென்ற இளைஞர்கள் அனைவரும் அன்னையாரின் வழியில் நடந்தவர்களே. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஒரு படி அரிசி அன்றைய பசியைத் தணிக்கும். மறுநாளும் கையேந்தும் நிலையைக் கல்வியே மாற்றும். கற்றவர் தம் தெருவை மறந்தாலோ, அக்கல்வியால் சமுதாயம் பெற்ற பயன் யாது? அன்னையார் பலகை பிடித்த கையாலேயே அன்னமும் இட்டார். மருத்துவம் கற்ற மகனும் தம் மக்களிடமே திரும்பி வந்தார். நம் சங்கத்தில் பயின்று உயர்ந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் தம் தெருவிற்குத் திரும்பி வந்து, ஒரு பிள்ளையின் படிப்பையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.